மண், தீ, கடல் – 17: சொல்லிச் செய்த பாண்டங்கள்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு நீர்வண்ணப் படம் இருக்கிறது. வட்டமான தட்டு ஒன்றுக்கான வரைவு அது. நடுவில், நீர்க்கரையில் ஒரு சீமாட்டி நிற்கிறாள். பின்னால் நிற்கும் பணிப்பெண் அவளுக்குக் குடை பிடிக்கிறாள். காலடியில் நீர்ப்பறவைகள். விளிம்பைச் சுற்றித் தேனடை போன்ற கட்டங்கள், அவற்றின் நடுவே சிறு சிறு சட்டங்களுக்குள் மறுபடியும் அதே பெண்கள், அதே பறவைகள். வரைந்தவர் கார்னெலிஸ் பிரோங்க். டச்சு ஊர்களையும் கட்டடங்களையும் துல்லியமாக வரைவதில் பெயர் பெற்ற அவர் சீனாவைக் கண்ணால் கண்டவர் அல்லர். 1734-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பீங்கான் பாண்டங்களுக்கு உருவமும் ஓவியமும் வரைந்து தருவது அவர் வேலை. ஆண்டுக்கு 1,200 கில்டர் ஊதியம். அவர் கற்பனையில் கண்ட சீனப் பெண் தாளில் ஏறி, கப்பலில் படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போய், அங்கிருந்து தென்சீனாவின் கான்டன் துறைமுகம் சேர்ந்தாள். சீன ஓவியர்கள் அவளைப் பீங்கானில் வரைந்து திருப்பி அனுப்பினார்கள். ஐரோப்பியப் பாணியில் ஓவியம் தீட்டிய சீன ஏற்றுமதிப் பீங்கான் என்று இன்று கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கும் பொருள்களில், இந்தக் குடைச் சீமாட்டியை விடப் புகழ்பெற்றவள் வேறு யாரும் இல்லை.

இத்தகைய பாண்டங்களைப் பற்றி இரண்டு நூற்றாண்டுகளாக ஒரே தீர்ப்புதான் வழங்கப்பட்டுவருகிறது. ஐரோப்பா சிந்தித்தது, சீனா நகலெடுத்தது என்பதே அது. 1784-ல் கான்டனுக்குப் போன முதல் அமெரிக்கக் கப்பலான 'எம்ப்ரெஸ் ஆஃப் சைனா'வின் வணிக முகவர் சாமுவேல் ஷா இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தார். சீன ரசிகர்களும் வேறு வழியில் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். அரண்மனைக்குச் செய்த கலங்களைக் கலை என்று போற்றியவர்கள், கடல் கடந்து போனவற்றைச் சந்தைச் சரக்கு என்று ஒதுக்கினார்கள். இந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் கட்சி. இப்பாண்டங்களைச் சாட்சிகளாக வைத்து விசாரித்தால், அறிவு யார் பக்கம் இருந்தது, வேண்டுகோள் யாரிடமிருந்து வந்தது என்பது தலைகீழாகத் தெரியவரும்.

முதலில் மண்ணையும் நெருப்பையும் பார்ப்போம். ஜியாங்ஷி மாகாணத்தின் ஜிங்டெஜென் நகரில் இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பீங்கான் செய்தார்கள். ஒன்று, அருகிலுள்ள காவோலிங் ஊரின் பெயரால் உலகமே கயோலின் என்று அழைக்கும் வெண்களிமண். மற்றொன்று, இடித்துத் தூளாக்கிச் செங்கல் வடிவில் விற்கப்பட்ட ஒரு பாறை. களிமண் கலத்துக்கு உருவம் தாங்கும் வலிமையைக் கொடுக்கும். பாறைத்தூள் உருகிக் கண்ணாடியாகி அதை இறுக்கும். இதற்கு ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். இந்த ரகசியம் ஐரோப்பாவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிடிபடவில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் செய்தவை வெள்ளீயப் பூச்சுப் பூசிய மண்பாண்டங்கள்தாம். மேலே வெண்மை, விளிம்பு உடைந்தால் உள்ளே மண். ஜெர்மனியின் சாக்சனியில் பெட்கர் என்பவர் உண்மையான பீங்கான் செய்வதில் வெற்றி கண்டதாக அறிவித்தது 1709-ல். அங்கே மெய்சன் பீங்கான் ஆலை திறந்தது 1710-ல். அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை. 1717-ல் அதே சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ், பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 பீங்கான் பாண்டங்களைப் பெற்றுக்கொண்டு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்தார். சொந்த ஆலை வைத்திருந்த அரசன் படைவீரர்களைக் கொடுத்துப் பாண்டம் வாங்கினான் என்றால், அந்தப் பொருளுக்கு இருந்த மதிப்பை வேறு எப்படி அளப்பது?

ஆகவே ஐரோப்பாவால் அனுப்ப முடிந்தவை மரமும் தாளும் மட்டுமே. 1635-ல் தைவானில் இருந்த டச்சுக்காரர்கள், மரத்தில் கடைந்த மாதிரிகளைச் சீன வணிகர்களிடம் கொடுத்தார்கள். அகன்ற தட்டுகள், உப்புக் கிண்ணங்கள், கடுகுக் குப்பிகள் என்று தங்கள் மேசைக்கு வேண்டிய வடிவங்கள் அவை. பின்னர் வரைபடங்கள், உலோகப் பாத்திரங்கள், அச்சுப் படங்கள், பணக்காரக் குடும்பங்களின் குலச்சின்னங்கள் வந்தன. நம் ஊரில் நகை செய்யக் கொடுக்கும்போது சொல்லிச் செய்தது என்போம். பொற்கொல்லரிடம் போய் இப்படி வேண்டும் என்று படத்தைக் காட்டுகிறவர் அந்தத் தொழிலின் ஆசானாகிவிடுவதில்லை. பீங்கான் கதையில் மட்டும் படம் காட்டியவரை ஆசான் ஆக்கிவிட்டோம்.

சொல்லிச் செய்து கொடுப்பதை ஜிங்டெஜென் ஐரோப்பியரிடமிருந்து கற்கவும் இல்லை. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998-ல் கண்டெடுத்த கப்பலில் அறுபதாயிரம் பாண்டங்கள் அளவில் கிடைத்தன. பெரும்பகுதி ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா கிண்ணங்கள். அவற்றுள் ஒன்றில் 826-ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதி உள்ளது. மேற்காசியச் சந்தைக்குப் போகும் வழியில் மூழ்கிய கப்பல் அது. மிங் அரசர் ஜெங்டே காலத்தில், அதாவது 1506 முதல் 1521 வரை, அரபு, பாரசீக வாசகங்கள் எழுதிய நீலவெள்ளைக் கலங்கள் செய்யப்பட்டன. தமிழகக் கடற்கரையும் இந்த வணிகத்துக்கு அயல் அல்ல. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பாண்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. நாம் சொல்லும் பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. பொருள் சீனாவுடையது, பெயர் அதைச் சுமந்து விற்றவர்களின் மொழியுடையது. போர்த்துகீசியர் தென்சீனக் கடலுக்கு வந்தபோது, பிற நாட்டார் விருப்பத்தைக் கேட்டுச் செய்யும் பழக்கம் சீனச் சூளைகளில் பல நூற்றாண்டு முதிர்ந்திருந்தது. ஐரோப்பியர் அந்த வரிசையில் கடைசியாக வந்து நின்ற வாடிக்கையாளர்கள்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம், பிழைகள். போர்த்துகல் மன்னர் மானுவேலின் காலத்தை ஒட்டிச் செய்யப்பட்ட கூஜாக்கள் சிலவற்றில் அரச கேடயச் சின்னம் தலைகீழாக இருக்கிறது. ஜோர்ஜ் ஆல்வாரெஸ் என்ற போர்த்துகீசிய வணிகருக்கு 1552-ல் செய்த குப்பியில் அவர் பெயரும் ஆண்டும் தலைகீழாக எழுதப்பட்டிருக்கின்றன. பொருள் தெரியாமல் கை மட்டும் அசைந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. எழுதியவருக்கு லத்தீன் எழுத்து தெரியாது என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுத்து தெரியாதவர் எழுத்தைப் படமாகத்தான் பார்க்க முடியும். படத்துக்கு மேல் எது, கீழ் எது என்று கூடவே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல யாரும் இல்லை. ஆர்டர் கொடுத்தவர் கடற்கரையில் நின்றார். வரைந்தவர் நூற்றுக்கணக்கான கல் தொலைவில், ஆறுகளுக்கும் மலைகளுக்கும் அப்பால் இருந்தார். இடையில் தரகர்கள், வணிகர்கள், படகோட்டிகள். இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு சொல் தவறியது. தலைகீழ் கேடயம் அந்தத் தவறலின் தடயம். பதிலுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: தலைகீழாக இருந்தாலும் அந்த எழுத்துகளை நாம் இன்றும் படிக்கிறோம், ஆண்டைத் தெரிந்துகொள்கிறோம். முன்பின் பழகாத ஒரு மொழியின் எழுத்தைப் பார்த்து, அதன் சொந்தக்காரர் படிக்கும்படி, ஈரம் உறிஞ்சும் பச்சைக் கலத்தின் மேல் அழிக்க முடியாத கோபால்ட் சாயத்தில் ஒரே இழுப்பில் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதைத் தூரிகை பிடித்தவர்கள் அறிவார்கள்.

பிழைக்கு வேலைப் பிரிவினையும் காரணம். 1637-ல் சோங் யிங்ஷிங் தொழில்களைப் பற்றி எழுதிய நூலில், ஒரு கலம் முடிவதற்குள் 72 கைகள் மாறுகிறது என்கிறார். 1712-ல் பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார் தாந்த்ரகோல் ஜிங்டெஜென்னைப் பற்றி எழுதிய கடிதத்திலும் எழுபது பேர் கை என்ற கணக்கு வருகிறது. கோடு போடுகிறவர் ஒருவர், நிறம் நிரப்புகிறவர் இன்னொருவர், மலையை மட்டும் வரைபவர் ஒருவர், பறவையை மட்டும் வரைபவர் ஒருவர். முழுப் படத்தின் கதை யாருக்கும் சொல்லப்படுவதில்லை. ஆடம் ஸ்மித் குண்டூசி ஆலையை வைத்து வேலைப் பிரிவினையை விளக்கியது 1776-ல் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இனி, சுய சிந்தனை இல்லை என்ற ஆட்சேபம். இதற்கு என் பதில் கருப்பு மையில் இருக்கிறது. ஐரோப்பியர் அனுப்பிய படங்களில் மிகுதியானவை செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. அவற்றில் நிறம் இல்லை. நிழலும் வெளிச்சமும் மெல்லிய கருங்கோடுகளின் நெருக்கத்தால் உண்டாகின்றன. சீன ஓவியத்தில் நிழல் காட்டும் முறை முற்றிலும் வேறு. தாந்த்ரகோல் 1722-ல் எழுதிய இரண்டாவது கடிதத்தில் ஒரு தோல்வியைப் பதிவு செய்கிறார். மிக உயர்ந்த சீன எழுதுமையால் பீங்கான் மேல் வரைந்து பார்த்தார்கள். சூளையிலிருந்து எடுத்தபோது கலம் வெறும் வெள்ளையாக இருந்தது. எழுதுமை என்பது புகைக்கரி. கரி நெருப்பில் எரிந்துபோகும். எரியாத கருப்பு வேண்டும், மயிரிழைக் கோட்டுக்கு ஏற்றபடி அது மெல்லியதாகவும் இருக்க வேண்டும், இரண்டாம் சூட்டில் கலத்தின் பளபளப்போடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டும். பத்து இருபது ஆண்டுகளுக்குள் இவை எல்லாவற்றையும் சாதித்துவிட்டார்கள். 1740-களின் தட்டுகளில் இயேசு சிலுவையில் அறையப்பட்ட காட்சியும் கிரேக்கத் தெய்வங்களும் செப்புத்தகட்டு அச்சின் ஒவ்வொரு குறுக்குக் கோட்டோடும் நிற்கின்றன. நகலெடுக்கச் சொன்னார்கள் என்பது உண்மை. நகலெடுப்பதற்கான வழி உலகில் எங்கும் இல்லை. அந்த வழியைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். பொன்னிலிருந்து எடுக்கும் இளஞ்சிவப்பு, ஆர்சனிக் சேர்ந்த வெண்மை ஆகிய புதிய வண்ணங்கள் 1720-களில் புழக்கத்துக்கு வந்ததும் இதே வேகத்தில்தான். அந்த இளஞ்சிவப்பில் யேசுசபையினர் கொண்டுவந்த ஐரோப்பிய வண்ணக்கலைக்குப் பங்கு உண்டா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. பங்கு இருந்தாலும், அதைப் பல்லாயிரம் கலங்களில் ஒரே சீராகச் சுட்டெடுத்த திறமை ஜிங்டெஜென்னுடையது.

சாமுவேல் ஷாவின் குற்றச்சாட்டை இப்போது முழுதாகப் பார்க்கலாம், ஏனென்றால் அவர் சொன்ன விவரம் அவர் எடுத்த முடிவை விட மதிப்புள்ளது. அமெரிக்க விடுதலைப் போரின் அதிகாரிகள் அமைத்த சின்சினாட்டி சங்கத்துக்காக ஒரு பாண்ட வரிசை செய்ய அவர் விரும்பினார். தெய்வ உருவங்கள் கொண்ட இரண்டு அச்சுப் படங்கள், ஒரு படைவீரர் உருவம், சங்கத்தின் பதக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கொடுத்து, எல்லாம் சேர்ந்த ஒரே காட்சியாக வரையச் சொன்னார். கான்டனின் தலைசிறந்த ஓவியர் என்று சொல்லப்பட்டவர் பலமுறை முயன்றும் அவருக்குத் திருப்தி இல்லை. ஒவ்வோர் உருவத்தையும் தனியாகத் துல்லியமாக வரைந்தவருக்கு, அவற்றைப் பொருத்தமாக ஒன்று சேர்க்க முடியவில்லை என்று எழுதிய ஷா, சீனருக்குச் சொந்தக் கற்பனை குறைவு என்று முடித்தார். ஆனால் அந்த ஓவியரிடம் கேட்கப்பட்டது என்ன? ரோமாபுரியின் தெய்வங்களுக்குள் யார் யாரைவிட உயர்ந்தவர், யார் யாரை நோக்க வேண்டும், புகழுக்கு உருவகமான பெண் ஒரு போர்வீரனுக்கு எந்தப் பக்கம் நிற்பாள் என்ற மரபை அவர் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் இளம் வயது முதல் பயிற்றுவிக்கும் பாடம் அது. பாரிஸ் ஓவியர் ஒருவரிடம் எட்டுச் சீனச் சித்தர்களின் படங்களைத் தனித்தனியாகக் கொடுத்து அவர்களை ஒரே சபையில் உட்கார வைக்கச் சொன்னால், அவரும் இதே இடத்தில்தான் தடுமாறுவார். கற்பனை வேறு, ஒரு பண்பாட்டின் இலக்கணம் வேறு. ஷா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். கடைசியில் புகழ்த்தேவதை மட்டும் பதக்கத்தைத் தாங்கி நிற்கும் எளிய வடிவம் பாண்டங்களில் ஏறியது. 302 உருப்படிகள் கொண்ட அத்தகைய வரிசை ஒன்றை 1786-ல் ஜார்ஜ் வாஷிங்டன் வாங்கினார்.

கீழ்ப்படிதல் என்ற சொல்லையும் சோதித்துப் பார்க்க வேண்டும். செய்ய முடியாததைச் செய்ய முடியாது என்று சூளைக்காரர்கள் ஐரோப்பிய வணிகர்களிடம் சொன்னார்கள். இதற்குத் தாந்த்ரகோலே சாட்சி. ஐரோப்பியப் புதுமைகளை அரசருக்குக் காணிக்கையாக்க விரும்பிய சீன அதிகாரிகள், அவரிடம் மாதிரிகள் கேட்டார்கள். அங்கிருந்த கிறித்தவத் தொழிலாளர்கள் கொடுக்க வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினார்கள். முடியாது என்றால் ஐரோப்பிய வணிகர் விட்டுவிடுவார். அதிகாரியோ பிரம்படி கொடுத்த பிறகுதான் விடுவார் என்பது அவர்கள் சொன்ன காரணம். அச்சம் அரசாங்கத்திடம் இருந்தது. வெளிநாட்டுக்காரரிடம் பேரம் பேச முடிந்தது. வணிகர் கழித்துவிட்ட ஐரோப்பியப் பாணிக் கலங்களை உள்ளூரில் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால், அந்த நட்டத்தையும் முன்கூட்டியே விலையில் சேர்த்தார்கள் என்றும் பாதிரியார் சொல்கிறார். குடைச் சீமாட்டியைத் தோற்கடித்ததும் விலைதான். பிரோங்க் வரைந்த விளிம்பு அவ்வளவு நுணுக்கமானது. கான்டன் வணிகர்கள் கேட்ட தொகை டச்சு முகவர்களைத் திகைக்க வைத்தது. ஜப்பானில் விசாரித்தார்கள்; அங்கே இன்னும் அதிகம். நான்கு வடிவங்களோடு 1740-ல் கம்பெனி அந்த முயற்சியையே கைவிட்டது.

கம்பெனி கைவிட்டது, ஓவியர்கள் கைவிடவில்லை. அந்தச் சீமாட்டி நீலவெள்ளையிலும், இளஞ்சிவப்பு வண்ணத்திலும், சிவப்பும் பொன்னும் கலந்த முறையிலும் திரும்பத் திரும்ப வரையப்பட்டாள். கடினமான விளிம்பு சுருங்கியது. ஜப்பானிய அரிட்டாச் சூளைகளில் அவள் கிமோனோ உடுத்திய பெண்ணானாள். ஒரு டச்சுக்காரர் கற்பனை செய்த கிழக்கத்தியப் பெண்ணைக் கிழக்கின் ஓவியர்கள் தங்கள் கண்ணுக்குப் பழகிய பெண்ணாகத் திருத்திக்கொண்டார்கள். நகலெடுக்க மட்டுமே தெரிந்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள்.

அளவைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. 1752 ஜனவரியில் மூழ்கிய டச்சுக் கப்பல் ஹெல்டர்மால்சனின் சரக்குப் பட்டியலில் 2,39,200 பீங்கான் உருப்படிகள் இருந்தன. 1985-ல் ஒன்றரை லட்சம் வரை மீட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை சீன நிலக்காட்சியும் பூவும் மீனும் வரைந்த சாதாரணப் பாண்டங்கள். கப்பலுக்கு இலாபம் தருவது தேயிலை. பீங்கான் அதற்கு அடியில், ஈரம் ஏறாமல் காக்கும் தளமாக அடுக்கப்பட்டது. குலச்சின்னமும் கிரேக்கக் கதையும் தீட்டியவை பெரும்பாலும் கப்பல் அதிகாரிகளின் சொந்த வணிகத்தில் போனவை; மொத்தத்தில் அவை சிறுபங்குதான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாதாரணப் பாண்டங்களின் வடிவத்தைப் பாருங்கள்: வெண்ணெய்ப் பேழை, பீர் குவளை, தட்டையான விளிம்புள்ள சாப்பாட்டுத் தட்டு. பூ சீனாவுடையது, உருவம் டச்சு மேசையுடையது. சொல்லிச் செய்தல் ஓவியத்தோடு நின்றுவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நிறைந்திருந்தது.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. சூளைகளின் அறிவைப் பெருமையாகப் பேசுகிறீர்களே, அங்கே உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1769-ல் கான்டனுக்குப் போன வில்லியம் ஹிக்கி என்ற ஆங்கிலேயர், ஒரு நீண்ட கூடத்தில் நூறு பேருக்கு மேல் ஓவியம் தீட்டுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். தள்ளாத முதியவர்களும் ஆறு ஏழு வயதுக் குழந்தைகளும் அவர்களுக்குள் இருந்தார்கள். ஜிங்டெஜென்னில் சுட்ட வெள்ளைக் கலங்களை மெய்லிங் கணவாய் வழியே சுமந்துவந்து, கான்டனில் வண்ணம் தீட்டி இரண்டாம் சூடு கொடுப்பது அக்காலத்து முறை. அந்தச் சுமைகாரர்களில் ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை. கம்பெனியின் கணக்கேடுகளால் பிரோங்கின் ஊதியம் வரை தெரிகிறது. அவர் படத்தைத் தட்டில் ஏற்றியவரின் கூலி தெரியவில்லை. அறிவு சீனத் தொழிலாளியிடம் இருந்தது என்று நான் சொல்வதால், இலாபமும் அவரிடம் இருந்தது என்று ஆகிவிடாது. அது கான்டன் வணிகர்களுக்கும் அரசின் சுங்கத்துக்கும் கம்பெனிப் பங்குதாரர்களுக்கும் போனது. இந்த ஆட்சேபத்தை ஏற்கிறேன். ஏற்பதாலேயே, அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உடைமையான திறமையையும் நகல் என்ற சொல்லால் பறித்துவிடக் கூடாது என்கிறேன்.

இந்த வணிகம் முடிந்த விதமே என் வாதத்துக்குக் கடைசிச் சாட்சி. தாந்த்ரகோலின் கடிதங்கள் 1735-ல் பாரிஸில் வெளிவந்த, சீனாவைப் பற்றிய தொகுப்பில் மறுபடியும் அச்சேறின. அதில் வெண்களிமண்ணின் விவரத்தைப் படித்த பிளிமத் மருந்து வணிகர் வில்லியம் குக்வொர்த்தி, அதே மண்ணை இங்கிலாந்தின் கார்ன்வாலில் கண்டுபிடித்து 1768-ல் காப்புரிமை பெற்றார். அதே நாட்டின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வெஜ்வுட் என்ற பாண்டத் தயாரிப்பாளரின் வெண்ணெய்நிறப் பாண்டங்கள் மலிவாகப் பெருகின; தாளிலிருந்து கலத்துக்கு அச்சு மாற்றும் முறை ஓவியர் கையின் தேவையைக் குறைத்தது; இறக்குமதிக்குச் சுங்கம் ஏறியது. ஐரோப்பாவிடம் வடிவங்களும் படங்களும் 1635-லிருந்தே இருந்தன. இல்லாதிருந்தவை மண்ணும் நெருப்பும் பற்றிய அறிவு. அது இங்கிலாந்தின் கைக்கு வந்த ஒரு தலைமுறைக்குள், 1791-ல், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கான் மொத்தக் கொள்முதலை நிறுத்தியது.